உருது தெரியாதவர் ‘லவ் இன் எக்ஸைல்’ தொகுப்பை எப்படி அணுகுவது?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

பாடகர் அரூஜ் ஆஃப்தாப், பியானோ கலைஞர் விஜய் ஐயர், பேஸ் கிதார் கலைஞர் ஷாஹ்ஸாத் இஸ்மாயிலி ஆகிய மூவரும் சேர்ந்து உருவாக்கி, 2023 மார்ச் மாதத்தில் வெர்வ் நிறுவனம் வெளியிட்ட ‘லவ் இன் எக்ஸைல்’ இசைத் தொகுப்பைப் பற்றி இங்கே விரிவான உரையாடல் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. அதைப் பற்றிச் சில ஐயங்கள் எனக்கு உண்டு. ஜாஸ் கேட்பவர்களும், உருதுக் கவிதைப் பாடலான கஸல் கேட்பவர்களும் இந்த அரங்கில் இருப்பதால் இங்கேயே கேட்டுவிடுகிறேன்.

விஜய் ஐயரின் பியானோவைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். ‘ஹிஸ்டாரிசிட்டி’, ‘அக்செலராண்டோ’ போன்ற தொகுப்புகளில் அவர், ஸ்டீஃபன் கிரம்ப், மார்கஸ் கில்மோர் ஆகிய மூவரும் தாளத்தை உடைத்து, மடக்கி, மீண்டும் ஒன்றுசேர்க்கும் விதம்தான் என்னை அவரிடம் ஈர்த்தது. அந்த எதிர்பார்ப்போடு இந்தத் தொகுப்பைக் கேட்கத் தொடங்கியபோது, டிரம்ஸே இல்லாத, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக மிக மெதுவாக நகரும் ஓர் இசை என் முன்னால் வந்து நின்றது. அரூஜின் குரல் மனத்தைப் பிடித்துக்கொண்டது உண்மை; ஆனால் அவர் என்ன பாடுகிறார் என்பது எனக்குப் புரியவில்லை. எனக்கு உருது தெரியாது. இந்திப் படப்பாடல்களின் வழியே அறிமுகமான சில சொற்கள் மட்டும் காதில் விழுந்து மறைகின்றன.

என் கேள்விகள் இவைதான். இதை ஜாஸ் என்று கொள்வதா, கஸலின் புதிய வடிவம் என்று கொள்வதா? பாடல் வரிகளைத் தேடிப் படித்துவிட்டு அதன் பிறகு கேட்டால் பயன் கூடுமா? எனக்குத் தெரிந்த இசையில் இதற்கு நெருக்கமாகத் தோன்றுவது, தாளக்கட்டு இல்லாமல் பாடப்படும் விருத்தம். அந்த மனநிலையோடு கேட்பது சரியாக இருக்குமா, அல்லது அது என்னைத் தவறான இடத்துக்கு இட்டுச் செல்லுமா?

இந்த இசையை முழுமையாக உள்வாங்க வேண்டும் என்ற விருப்பத்தால்தான் கேட்கிறேன். பொறுமையாக விளக்குபவர்களுக்கு முன்கூட்டியே நன்றி.

இரவுப்பியானோ எழுதியது:

வணக்கம், வைகைக்கரை அவர்களே. முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். உருதைப் பற்றி என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

இது ஜாஸ்தான் என்பது என் உறுதியான கருத்து. டிரம்ஸ் இல்லாமையோ, மெதுவான நடையோ, பாடும் மொழியோ அதை மாற்றிவிடாது. 1961இல் ஜிம்மி ஜுஃப்ரி, பால் பிளே, ஸ்டீவ் ஸ்வாலோ மூவரும் கிளாரினெட், பியானோ, பேஸ் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு டிரம்ஸ் இல்லாமல் வெளியிட்ட தொகுப்புகளை இன்று யாரும் ஜாஸ் அல்ல என்று சொல்வதில்லை. சில சுரங்களின் மீதே நீண்ட நேரம் நிலைத்து நிற்கும் வழக்கமும் 1959இல் மைல்ஸ் டேவிஸ் ‘கைண்ட் ஆஃப் புளூ’வைப் பதிவு செய்த காலத்திலிருந்தே ஜாஸுக்குள் வேரூன்றிவிட்டது. தம்பூராவின் ரீங்காரத்தை அடித்தளமாக வைத்து ஆலிஸ் கோல்ட்ரேன் 1971இல் வெளியிட்ட ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ இன்னும் நெருங்கிய முன்னோடி. அந்தத் தலைப்பில் இருக்கும் சச்சிதானந்தர் கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள செட்டிப்பாளையத்தில் பிறந்தவர் என்பதையும் நம் வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

ஆனால் இந்த முன்னோடிகளைக் காட்டிலும் முக்கியமான காரணம், இந்த இசை உருவான முறையில் இருக்கிறது. மூவரும் 2018இல் நியூயார்க்கில் ஒரே மேடையில் முதன்முதலாகச் சேர்ந்து வாசித்தார்கள். அங்கே கண்டடைந்த ஒத்திசைவைத் தொடர்ந்து வளர்த்துக்கொண்டு, பிறகு நியூயார்க்கில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒன்றாக அமர்ந்து நேரடியாக வாசித்ததைத்தான், மிகக் குறைந்த திருத்தங்களோடு, தொகுப்பாக வெளியிட்டார்கள். எழுதி முடிக்கப்பட்ட பாடலுக்குப் பின்னணி சேர்த்த வேலை அன்று இது. யார் எப்போது நுழைவது, எவ்வளவு நேரம் ஒதுங்கி நிற்பது, எங்கே முடிப்பது ஆகிய முடிவுகள் அனைத்தும் வாசித்துக்கொண்டிருக்கும்போதே எடுக்கப்படுகின்றன. ஜாஸ் என்ற கலையின் சாரம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இசைத்துறைக்கே இதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை என்பதற்கு 2024 கிராமி விருதுகள் நல்ல சான்று. அந்த ஆண்டு புதிதாகத் தொடங்கப்பட்ட மாற்று ஜாஸ் தொகுப்புப் பிரிவில் ‘லவ் இன் எக்ஸைல்’ பரிந்துரைக்கப்பட்டது. அதே தொகுப்பிலுள்ள ‘ஷேடோ ஃபோர்ஸஸ்’ உலக இசை நிகழ்த்துதல் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டது. முன்னதை மிஷெல் இன்டெகியோசெல்லோவும், பின்னதை ஜாகிர் உசேன், பேலா ஃபிளெக், எட்கர் மேயர், ராகேஷ் சௌராசியா கூட்டணியும் வென்றார்கள். எலா ஃபிட்ஸ்ஜெரால்ட் பாடிய பெரும் பாடல் தொகுப்புகளை 1950களில் வெளியிட்ட அதே வெர்வ் நிறுவனம் ஓர் உருதுத் தொகுப்பை எந்தத் தயக்கமும் இல்லாமல் தன் ஜாஸ் வரிசையில் சேர்த்துக்கொண்டது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.

விஜய் ஐயரிடம் நீங்கள் எதிர்பார்த்த தாள விளையாட்டு ஏன் இங்கே இல்லை என்பதற்கு வருகிறேன். தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த அவர், சிறுவயதில் முறையாகக் கற்றது வயலின். பியானோவைப் பெரும்பாலும் தாமாகவே பழகிக்கொண்டார். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்துவிட்டு, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இசை உணர்வு எப்படி உருவாகிறது என்பதில் முனைவர் பட்டம் பெற்றவர். இந்தப் பின்னணியால் பலர் அவரைக் கணக்குப் போட்டு வாசிப்பவர் என்றே எண்ணிவிடுகிறார்கள். அவருடைய மற்றொரு முகத்தைக் காண வேண்டுமானால், ஊதுகொம்புக் கலைஞர் வடாடா லியோ ஸ்மித்துடன் அவர் 2016இல் வெளியிட்ட ‘எ காஸ்மிக் ரிதம் வித் ஈச் ஸ்ட்ரோக்’ தொகுப்பைக் கேளுங்கள். கராச்சியில் பிறந்து இந்தியாவில் வாழ்ந்த ஓவியர் நஸ்ரீன் முகமதியின் கோட்டோவியங்களை முன்வைத்து உருவான இசை அது. அங்கேயும் டிரம்ஸ் கிடையாது. பியானோ, ரோட்ஸ் என்னும் மின்பியானோ, மின்னணு ஒலிகள் ஆகியவற்றைக் கொண்டு, தம்மைவிட மூத்த ஒரு கலைஞரின் ஊதொலிக்கு அவர் இடம் விட்டு வாசிக்கிறார். அங்கே பழகிய அந்தக் காத்திருப்பை இங்கே ஒரு குரலின் முன்னால் தொடர்கிறார்.

இன்னொன்று. நம்மில் பலருக்கு ஜாஸும் துணைக்கண்ட இசையும் சேர்ந்தாலே ‘சக்தி’ குழுவும் விக்கு விநாயக்ராமின் கடமும்தான் நினைவுக்கு வரும். விஜய் ஐயரே கிதார் பிரசன்னா, தபலா கலைஞர் நிதின் மித்தா ஆகியோருடன் 2011இல் ‘தீர்த்தா’ என்ற தொகுப்பைச் செய்திருக்கிறார். அவற்றில் எல்லாம் தாளம்தான் இரண்டு மரபுகளும் கைகுலுக்கிக்கொள்ளும் இடம். ‘லவ் இன் எக்ஸைல்’ அந்த இடத்தையே விட்டுவிட்டு, ஒலியின் நிறத்திலும் அமைதியிலும் சந்திக்கிறது. ஆகவே கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு முதலில் ஏதோ குறைவதாகத் தோன்றுவது இயல்பு.

பாலாற்றுவாசி எழுதியது:

வைகைக்கரை ஐயாவுக்கு வணக்கம். எங்கள் வீட்டில் பேசுவது தக்கினி உருது. பள்ளியில் படித்தது தமிழ். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் உருதைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்வதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். முஷாயிரா என்னும் கவியரங்குகளுக்குச் சிறுவயது முதலே போய்வந்த பழக்கத்தால், உங்களுடைய இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு என்னால் இயன்றதைச் சொல்கிறேன்.

முதலில் கஸல் எப்படி இயங்குகிறது என்பதைப் பார்ப்போம். கஸல் என்பது ஷேர் எனப்படும் ஈரடிகளின் தொகுப்பு. ஒவ்வொரு ஈரடியும் தனித்து நிற்கக்கூடியது. முந்தையதோடு பொருள் தொடர்பு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சந்தமும், காஃபியா என்னும் இயைபும், அதைத் தொடர்ந்து மாறாமல் வரும் ரதீஃப் என்னும் முடிவுச் சொல்லும்தான் அவற்றைக் கோக்கின்றன. தமிழில் கவிக்கோ அப்துல் ரகுமான் இந்த வடிவத்தின் உணர்வை எடுத்து எழுதியிருப்பதால், நம் வாசகர்களுக்கு இது முற்றிலும் புதியதன்று. முஷாயிராவில் கவிஞர் முதலடியைச் சொல்லிவிட்டு நிறுத்துவார். கூட்டம் அதைத் திரும்பச் சொல்லும், அவரும் திரும்பச் சொல்வார். இரண்டாம் அடி எங்கே போய் முடியப்போகிறது என்று எல்லோரும் காத்திருப்பார்கள். பாட்டாகப் பாடும்போது இந்தக் காத்திருப்பை இசை எடுத்துக்கொள்கிறது. மெஹ்தி ஹசன் முதலடியை ஒவ்வொரு முறையும் வேறொரு வளைவோடு பாடி, கேட்பவரின் தவிப்பைக் கூட்டிய பிறகே இரண்டாம் அடிக்கு இறங்குவார். பேகம் அக்தரிடம் அதே இடத்தில் குரல் ஒரு கணம் உடைந்து மீளும். அந்த உடைவுக்காகவே அவரைக் கேட்பவர்கள் உண்டு.

அரூஜ் இந்த மரபை நன்றாக அறிந்தவர். சவூதி அரேபியாவில் பிறந்து, லாகூரில் வளர்ந்து, பாஸ்டனிலுள்ள பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்துவிட்டு நியூயார்க்கில் குடியேறியவர். 2021இல் வெளிவந்த ‘வல்ச்சர் பிரின்ஸ்’ தொகுப்பில் அவர் பாடிய ‘மொஹப்பத்’, ஹஃபீஸ் ஹோஷியார்பூரி எழுதிய புகழ்பெற்ற கஸல். மெஹ்தி ஹசன் பாடி எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டது. அரூஜ் அதிலிருந்து ஆர்மோனியத்தையும் தபலாவையும் எடுத்துவிட்டு, ஹார்ப், கிதார் ஆகியவற்றின் நடுவே தம் குரலை வைத்தார். அந்தப் பாடலுக்குத்தான் 2022இல் கிராமி விருது கிடைத்தது. பாகிஸ்தானிய இசைக்கலைஞர் ஒருவருக்குக் கிடைத்த முதல் கிராமி அது. இளைய சகோதரரை இழந்த துயரத்திலிருந்து எழுந்த தொகுப்பு என்பதால், காதலர் பிரிவைப் பற்றிய பழைய வரிகள் அங்கே மரணத்தைப் பற்றிய வரிகளாகவும் ஒலிக்கின்றன. கஸலுக்கு எப்போதும் இருந்துவந்த ஆற்றல் இது. பிரிந்தது யாரை, எதை என்று அது சொல்லிக்கொண்டிருப்பதில்லை.

‘லவ் இன் எக்ஸைல்’ தொகுப்பில் அவர் இன்னும் ஓர் அடி முன்னே போகிறார். இங்கே முழு கஸல் இல்லை. ஈரடிகள்கூட முழுமையாக வந்து அமைவதில்லை. சில சொற்றொடர்களை எடுத்துக்கொண்டு, அவற்றையே நீட்டியும் இடைவெளி விட்டும் மீண்டும் தொட்டும் பத்து நிமிடங்களைக் கடத்துகிறார். ஆகவே பாடல் வரிகளை முன்கூட்டியே படிப்பதால் உங்களுக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது. தாளில் பார்த்தால் அவை மிகக் கொஞ்சமாகவே இருக்கும். உருது அறிந்த எனக்கும் இந்தத் தொகுப்பில் அறிந்துகொள்ளக் கதை எதுவும் இல்லை. அதே நேரத்தில், மொழி இங்கே வெறும் ஒலிதான் என்று யாராவது சொன்னால் அதை நான் ஏற்கமாட்டேன். அழகு, மது, துணை, பிரிவு ஆகியவை கஸலில் நூற்றாண்டுகளாகப் புழங்கிவரும் பொருள்கள். அவற்றில் ஒன்றை அரூஜ் அந்தத் தாழ்ந்த சுருதியில் தொட்டவுடன், கஸலோடு வளர்ந்தவரின் நினைவில் எத்தனையோ பழைய அடிகள் தாமாக எழுந்துவிடுகின்றன. அது உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். ஆனால் அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் அவர் விடும் மௌனம் எல்லோருக்கும் பொதுவானது. பியானோவும் பேஸும் அந்த மௌனத்தில்தான் பேசுகின்றன.

விருத்தத்தோடு நீங்கள் ஒப்பிட்டதில் பாதி உண்மை இருக்கிறது. தாளத்துக்குக் கட்டுப்படாத சுதந்திரம் இரண்டுக்கும் பொது. ஆனால் விருத்தம் பாடுபவர் ஒரு முழுச் செய்யுளைத் தொடங்கி முடிவுவரை கொண்டுசெல்வார். பொருள் தெளிவாக விளங்க வேண்டும் என்பது அங்கே முதன்மை. இங்கே நடப்பது, பல்லவியிலோ சரணத்திலோ ஒரே வரியை எடுத்துக்கொண்டு செய்யும் நிரவலுக்கு அருகில் இருக்கிறது, தாளம் மட்டும் இல்லை. அந்த மனநிலையோடு கேட்டுப் பாருங்கள். வரி வளர்கிறதா என்று பார்க்காமல், அதே வரி எப்படி வேறாகிறது என்று கவனியுங்கள்.

கொள்ளிடம் எழுதியது:

மேலே எழுதிய இருவரையும் மதிக்கிறேன். இருந்தாலும் என் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

இந்தத் தொகுப்பை நல்ல மனத்தோடுதான் கேட்டேன். மூவரும் மிகச் சிறந்த கலைஞர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒருவருக்கொருவர் வழிவிடுவதையே அவர்கள் முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டதாக எனக்குத் தோன்றுகிறது. ஜாஸில் கூட்டு வாசிப்பு என்றால் விட்டுக்கொடுப்பது மட்டும் அன்று. எதிர்த்துக் கேள்வி கேட்பதும் அதில் அடங்கும். விஜய் ஐயர் தம் மற்றத் தொகுப்புகளில் உடன் வாசிப்பவரை ஓர் இடத்தில் நிற்கவிடாமல் துரத்துவார். அந்தத் துரத்தலால்தான் எதிர்பாராத திருப்பங்கள் பிறக்கின்றன. இங்கே அந்த உரசலே இல்லாததால், மூன்றாவது, நான்காவது பாடலுக்கு வரும்போது ஒரே வண்ணத்தில் நனைந்துகொண்டிருப்பது போன்ற உணர்வு வந்துவிட்டது.

பாலாற்றுவாசி அவர்களிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. மீர், காலிப் என்று இத்தனை பெரிய கவிதைச் செல்வம் கையில் இருக்கும்போது, அதை மனநிலையைத் தூண்டும் சில துளிகளாகச் சுருக்கிவிட்டால், உருது அறியாத உலகம் அந்தக் கவிதையைத் தேடிப் போகாமலே திருப்தி அடைந்துவிடாதா? முழு ஈரடியையும் பாடுவதால் இசைக்கு என்ன குறை வந்துவிடும்?

சுருதிப்பெட்டி எழுதியது:

கொள்ளிடம் அவர்களே, உங்கள் முதல் குறையைப் பற்றி ஒலித்துறையில் வேலை செய்பவன் என்ற முறையில் ஒரு கேள்வி. இதை எந்தக் கருவியில் கேட்டீர்கள்? தட்டிக்கழிப்பதற்காக இதைக் கேட்கவில்லை. இந்தத் தொகுப்பைப் பொறுத்தவரை கருவி மிகவும் முக்கியம்.

மூவரில் ஷாஹ்ஸாத் இஸ்மாயிலியைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. தொகுப்பு முழுவதும் அவர் வாசிப்பது பேஸ் கிதாரும், மூக் சிந்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவியும். பாகிஸ்தானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். மார்க் ரிபோவின் ‘செராமிக் டாக்’ குழுவில் மிக முரட்டுத்தனமான இசையும் வாசித்திருக்கிறார். இங்கே அவர் ஒரு சிறு சுரக்கோவையை எடுத்துக்கொண்டு அதிலேயே நெடுநேரம் நிற்கிறார். பேஸ் கிதாரின் தடித்த தந்தியைத் திறந்தபடி மீட்டினால் அதன் அடிப்படை அதிர்வு நொடிக்கு ஏறக்குறைய 41 முறைதான். கைபேசியின் ஒலிபெருக்கியால் அந்த ஆழத்தை எட்டவே முடியாது. மடிக்கணினியிலும் பெரும்பகுதி காணாமல் போய்விடும். அப்படிக் கேட்டால் மூவர் இசையில் ஒருவரின் வேலை முக்கால்வாசி அழிந்து, குரலும் பியானோவும் அந்தரத்தில் மிதப்பதாகத்தான் தோன்றும். ஒரே வண்ணம் என்ற எண்ணமும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகிறது.

நல்ல தலையணிக் கருவியிலோ (ஹெட்ஃபோன்) சற்றுப் பெரிய ஒலிபெருக்கியிலோ கேட்டால், நீங்கள் தேடும் உரசல் கீழ்த்தளத்தில் நடந்துகொண்டிருப்பது தெரியவரும். மூக் கருவியில் ஒலியின் மேல் அதிர்வுகளை வடிகட்டும் ஒரு திருகு உண்டு. அதை மெல்லத் திறந்தால், மந்தமாகக் கிடந்த ஒலி கொஞ்சம் கொஞ்சமாகக் கூர்மை பெறும். சுரம் மாறாமலே இறுக்கம் ஏறும். அந்த இறுக்கத்துக்குப் பியானோ எப்போது இணங்குகிறது, எப்போது அதற்குப் பொருந்தாத ஒரு சுரத்தை வைத்து விலகுகிறது என்பதைத் தொடர்ந்து கேளுங்கள். அதுபோல விஜய் ஐயர் பியானோவிலிருந்து ரோட்ஸுக்கு மாறும் இடங்களும் கவனிக்கத் தக்கவை. பியானோவில் சுத்தி தந்தியில் விழுகிறது. ரோட்ஸில் அது மெல்லிய உலோகக் கம்பியில் விழுந்து, அந்த அதிர்வு மின்காந்தத்தால் எடுக்கப்படுகிறது. சுரத்தின் விளிம்பு மணியோசைபோல உருண்டுவிடுவதால், அரூஜின் மூச்சு கலந்த குரலோடு அது எங்கே சேர்கிறது, எங்கே பிரிகிறது என்று சொல்வதே சில இடங்களில் கடினமாகிவிடும்.

குரலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் பாடலான ‘டு ரிமெயின் / டு ரிட்டர்ன்’ தொடங்கும்போது பாடகர் உடனே வந்துவிடுவதில்லை. வெளி முதலில் அமைகிறது, குரல் அதற்குள் நுழைகிறது. பாடுபவர் நிறுத்திய பிறகும் இசை அவருக்காகக் காத்துக்கொண்டிருப்பதில்லை. அது தன் வழியில் போய், அவர் திரும்பி வரும்போது வேறோர் இடத்தில் இருக்கிறது. பக்கவாத்தியம் என்ற நிலையில் மற்ற இருவரும் இல்லை என்பது அந்த இடங்களில்தான் எனக்கு உறுதியானது. அரூஜ் பெர்க்லியில் ஒலிப்பதிவுத் தொழில்நுட்பமும் படித்தவர் என்பதால், தம் குரல் எவ்வளவு முன்னால் நிற்க வேண்டும், எங்கே மற்ற ஒலிகளுக்குள் அமிழ வேண்டும் என்பதை அவர் அறிந்தே செய்திருக்கிறார் என்று நம்புகிறேன்.

பாலாற்றுவாசி எழுதியது:

கொள்ளிடம் அவர்களின் கேள்வி நியாயமானது. எனக்கும் அந்தக் கவலை உண்டு. உருதுக் கவிதை என்றாலே மெழுகுவர்த்தியும் மதுக்கிண்ணமும் என்று உலகம் சுருக்கிப் புரிந்துகொள்வதைப் பார்த்து வருந்தாத உருது வாசகர் இருக்கமாட்டார்.

ஆனால் இந்தத் தொகுப்பை மட்டும் வைத்து அரூஜை அளக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். ‘வல்ச்சர் பிரின்ஸ்’ தொகுப்பிலேயே காலிப்பின் வரிகளை ‘தியா ஹை’ என்ற பாடலில் பாடியிருக்கிறார். கவிதையை முழுமையாக ஏந்த வேண்டிய இடத்தில் ஏந்தத் தெரிந்தவர் அவர். ‘லவ் இன் எக்ஸைல்’ மூவரின் தொகுப்பு. அங்கே ஒரு முழு கஸலை வைத்தால், சந்தமும் இயைபும் தாமாகவே ஒரு சட்டகத்தை அமைத்துவிடும்; மற்ற இருவரும் அந்தச் சட்டகத்துக்குள் வாசிக்க வேண்டியவர்களாகிவிடுவார்கள், நாம் எல்லோரும் அறிந்த பாடகர், பக்கவாத்தியம் என்ற உறவு திரும்பி வந்துவிடும். அவர் வரிகளைக் குறைத்துக்கொண்டது மற்ற இருவருக்கும் சமமான இடம் தருவதற்காகத்தான் என்று எண்ணுகிறேன். அதில் கவிதைக்கு இழப்பு இல்லையென்று சொல்லமாட்டேன். அந்த இழப்புக்கு ஈடாக, மூவரும் ஒரே உயரத்தில் நிற்கும் ஓர் இசை கிடைத்திருக்கிறது.

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சுருதிப்பெட்டி அவர்கள் சொன்னபடி நல்ல தலையணிக் கருவியில், குரலை விட்டுவிட்டு, பேஸை மட்டும் பின்தொடர்ந்து ‘ஹசீன் தீ’, ‘ஷேடோ ஃபோர்ஸஸ்’ இரண்டையும் கேட்டேன். முன்பு தேங்கி நிற்பதாகத் தோன்றிய இசை நடந்துகொண்டிருப்பது தெரிந்தது. அரூஜ் ஒரு சொல்லை முடித்து மூச்சு விடும் இடத்தில், விஜய் ஐயரின் வலக்கை அந்தச் சொல் நின்ற சுரத்துக்கு மிக அருகிலிருந்து தொடங்கி மேலேறுவதையும் கவனிக்க முடிந்தது; ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் எடுத்துக்கொள்ளும் அந்த நொடிகளுக்காகவே இனி இதைக் கேட்பேன். நிரவல் என்ற குறிப்பு எனக்குப் பெரிதும் உதவியது. கொள்ளிடம் அவர்களின் கருத்திலும் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. இவ்வளவு நீளமான தொகுப்பை ஒரே அமர்வில் கேட்பதைவிட, இரண்டிரண்டு பாடல்களாகக் கேட்பது எனக்குப் பொருத்தமாக இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள்: இதிலிருந்து அடுத்து எங்கே போகலாம்? விஜய் ஐயரும் அரூஜும் மீண்டும் சேர்ந்து ஏதேனும் செய்திருக்கிறார்களா? கவிதையும் முழுமையாக இருக்க வேண்டும், இசையும் இதுபோல இருக்க வேண்டும் என்றால் எதைக் கேட்பது?

பாலாற்றுவாசி எழுதியது:

உங்கள் வேண்டுகோளுக்கு ஏற்ற பாடல் ஒன்று இருக்கிறது. அரூஜ் 2024இல் ‘நைட் ரெய்ன்’ என்ற தொகுப்பை வெளியிட்டார். அதில் ‘ந குல்’, ‘சாக்கி’ ஆகிய இரண்டு பாடல்களின் வரிகளும் மாஹ் லகா பாய் சந்தா என்ற ஹைதராபாத் கவிஞருடையவை. ‘சாக்கி’யில் பியானோ வாசிப்பவர் விஜய் ஐயர்.

மாஹ் லகா பாய் 1768 முதல் 1824 வரை வாழ்ந்தவர். நிஜாமின் அவையில் ஆடலும் பாடலும் அறிந்தவராகவும், செல்வாக்கு மிக்கவராகவும் திகழ்ந்தார். தம் கஸல்களை முறையான தொகுப்பாக்கிய முதல் உருதுப் பெண் கவிஞர்களில் ஒருவராக அவரைப் போற்றுகிறார்கள். அவர் மறைந்த ஆண்டில்தான் அந்தத் தொகுப்பு வெளிவந்தது. ஹைதராபாதில் மௌலா அலி குன்றின் அடிவாரத்தில் தம் தாய்க்காக அவர் எழுப்பிய கல்லறை வளாகத்திலேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். லாகூரில் வளர்ந்து நியூயார்க்கில் வாழும் ஒரு பாடகர், டெல்லியையும் லக்னோவையும் தாண்டி, தக்காணத்தின் ஒரு பெண் கவிஞரைத் தேடி எடுத்ததில், தக்கினி பேசும் எனக்கு உள்ள மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

முதலில் ‘மொஹப்பத்’ பாடலை மெஹ்தி ஹசன் குரலிலும் அரூஜின் குரலிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அதன் பிறகு ‘சாக்கி’. அதில் பியானோ எவ்வளவு குறைவாக வாசிக்கப்பட்டிருக்கிறது என்பதை இரவுப்பியானோ அவர்களும் கேட்டுவிட்டு இங்கே எழுதினால் நன்றாக இருக்கும்.